கவிழ்த்தாலும் கொட்டாத டொலுயீன்

டொலுயீன் தண்ணீர்போல் ஓடும் திரவம். பெயின்ட்டில் கலக்கும் தின்னர்களில் இருப்பது. அது நிறைந்த குப்பி ஒன்றை வேதியியல் படித்த நண்பர் என் கண்முன்னே தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. வெந்நீரில் வைத்ததும் இளகியது, ஆறியதும் மறுபடி கூழாக உறைந்தது. கலந்திருந்த பொருள் நூற்றில் ஒரு பங்குகூட இல்லையாம். "எல்லாம் நம்ம பாப்பனங்கோட்டுச் சரக்கு" என்றார்.

இவ்வளவு திரவத்தை அந்தத் துளிப் பொருள் எப்படிப் பிடித்து வைக்கிறது என்ற கேள்வி என்னை விடவில்லை. தேடிப் போனதில் 2001-இல் அமெரிக்க வேதியியல் கழக இதழில் வந்த ஒரு கட்டுரை கிடைத்தது. எழுதியவர்கள் ஏ. அஜயகோஷ், சுபி ஜார்ஜ். திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் இருக்கும் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகத்தில் நடந்த வேலை. நிஸ்ட் என்று இன்று அறியப்படும் நிறுவனம் அதுதான்.

அவர்கள் உருவாக்கிய மூலக்கூறின் நடுவில் பென்சீன் வளையங்கள் கோத்த விறைப்பான தண்டு. இரு முனையிலும் ஓஎச் தொகுதி. பக்கவாட்டில் நீண்ட ஹைட்ரோகார்பன் வால்கள். முனைகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோக்கின்றன, வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்குகின்றன, வால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இப்படி வளரும் நார்கள் பின்னி வலையாக, டொலுயீன் அதற்குள் சிக்கிக்கொள்கிறது. குட்டைக் குட்டையான தென்னை நார்களைத் திரித்தால் தேர் இழுக்கும் வடமாவது போலத்தான் இது. எந்த இடத்திலும் வலுவான வேதிப்பிணைப்பு ஒன்றுகூடப் புதிதாக உண்டாகவில்லை.

முனைகளின் பிடிப்பு எனக்குப் புரிந்தது. வால்கள்தான் குழப்பின. மின்னேற்றம் இல்லை, ஓஎச் இல்லை; பின் எதனால் ஒட்டுகின்றன? அதற்குப் பதில் தேட நெதர்லாந்தின் லெய்டன் வரை போக வேண்டியிருந்தது. தச்சர் ஒருவரின் மகனும் பள்ளி ஆசிரியருமான வாண்டர் வால்ஸ் 1873-இல் அங்கே கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டில், வாயுவின் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த இழுப்பு இல்லையென்றால் வாயு திரவமாகவே ஆகாது. 1910-இல் நோபல் பரிசு வந்தது. ஏன் இழுக்கின்றன என்பதற்கு 1930 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எலக்ட்ரான் மேகம் ஒரு கணம் ஒரு பக்கம் சாய்ந்தால் பக்கத்து மூலக்கூறின் மேகமும் அதற்கேற்பச் சாயும் என்று குவாண்டம் இயற்பியலைக் கொண்டு ஃப்ரிட்ஸ் லண்டன் விளக்கினார். தூரம் இரண்டு மடங்கானால் இந்த ஈர்ப்பின் ஆற்றல் 64-இல் ஒரு பங்காகிவிடும்.

கார்பன்–கார்பன் பிணைப்பை முறிக்க மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் வேண்டும். இந்த இழுப்புகள் தனித்தனியாக ஒரு சில கிலோஜூல்தான். அறைவெப்பத்தின் ஆட்டமே 2.5 இருக்கிறது. ஒன்று மட்டும் என்றால் நிற்காது, வரிசையாகச் சேர்ந்தால் நிற்கும், வெந்நீர்ச் சூட்டில் கலைந்தும் போகும். குப்பி இளகியதும் உறைந்ததும் இதனால்தான். இந்த பலவீனத்தை ஒரு குறையாகப் பார்க்க என் மனம் ஒப்பவில்லை.

இத்தகைய கூழின் கதையைத் தேடிப் பின்னால் போனதில் மெக்கானிக் கடையில் போய் நின்றேன்; கிரீஸும் ஒரு கூழ்தான். லித்தியம் கிரீஸுக்கு 1942-இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஏர்ல் காப்புரிமை பெற்றார். பின்னாளில் அதற்கு முக்கிய மூலப்பொருளானது நம் ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுக்கும் 12-ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலம். நீண்ட வால், நடுவில் ஒரு ஓஎச். அந்த அமிலம் தனியாகவே டொலுயீனைக் கூழாக்கிவிடும்!

அப்படியானால் பாப்பனங்கோட்டில் புதிதாக என்ன நடந்தது? அந்தத் தண்டு ஒளிரும். கரைசலில் தனித்தனியாக இருக்கும்போது ஒரு நிறம், கூழில் அடுக்கியபின் வேறு நிறம். மூலக்கூறுகள் கூடுவதையும் பிரிவதையும் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். 2003-இல் அதே குழு இன்னொரு படி ஏறியது. கூழில் ஒரு சாயத்தைக் கலந்தார்கள். தண்டுகள் வாங்கிய ஒளியாற்றல் அடுக்கின் வழியே சாயத்துக்குப் போய்ச் சேர்ந்து, சாயம் ஒளிர்ந்தது.