குறைவீச்சு

கொல்ப் என்றதும் நெடுந்தூரம் பறந்து செல்லும் பந்தே பலரது மனக்கண்முன் தோன்றும். நுவரெலியாவின் வீதியோரப் புல்வெளியையோ, புகையிரதப் பாதை ஊடறுத்துச் செல்லும் கொழும்பு மைதானத்தையோ கடந்து செல்பவர்கூட, ஆட்டக்காரர் உடலை முறுக்கிக் கோலை ஓங்கும் கணத்தையே நின்று பார்ப்பர். அவர் குழியை அணுகியபின், கோலை இடுப்பளவுக்கு மட்டும் உயர்த்தி அடிக்கும் அடியை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் ஆட்டத்தில் ஓரளவு பழகியவர்களை வினவினால், 200 யார் அடியைவிட 40 யார் அடியே தம்மை அச்சுறுத்துவது எனப் பலர் கூறுவர். கிரிக்கெற்றிலே பந்து விரைந்து வருகின்றது. துடுப்பாட்டக்காரருக்குச் சிந்திக்க நேரமில்லை. கொல்பிலோ பந்து அசையாது கிடக்கின்றது. அஞ்சுவதற்கு வேண்டிய அவகாசம் தாராளமாகவே கிடைக்கின்றது.

இவ்வடிக்குரிய கருவி வெட்ஜ் எனப்படும் கோலாகும். முகம் மிகவும் சரிந்திருப்பதால், அது பந்தை உயர எழுப்பி அதிக தூரம் உருளாது நிறுத்தவல்லது. அச்சரிவு இக்காலத்தில் ஏறத்தாழ 44 பாகையிலிருந்து 60 பாகை வரை வேறுபடுகின்றது. இக்கோலின் வரலாற்றில் ஜீன் சரசன் என்ற அமெரிக்கரின் பங்கு பெரிது. அவர் தமது கோலின் அடிப்புறத்தில் ஈயப்பற்று வைத்துத் தடிப்பாக்கி, அதன் முன்விளிம்பு மணலுட் புதையாது வழுக்கிச் செல்லும்படி செய்தார். 1932இல் பிரித்தானியப் பகிரங்கச் சுற்றில் அவர் வெற்றி பெற்றபோது அக்கோலும் உடனிருந்தது. அடிப்புறத் தடிப்பின் பயன் மணலோடு நின்றுவிடவில்லை. புற்றரையிலும் கோல் நிலத்தைக் கிண்டாது காப்பது அதுவே. இதனை அறியாத ஆட்டக்காரர் கைகளை மிகவும் முன்தள்ளி, கூரிய விளிம்பினால் பந்தைக் கொத்த முயல்வர்; தமக்கு உதவவென்றே அமைக்கப்பட்ட தடிப்பைத் தாமே பயனற்றதாக்கிவிடுவர்.

முழுவீச்சில் 100 யார் செல்லும் கோலினால் 50 யார் அடிக்க வேண்டின் எவ்வளவு வேகம் தேவை? பாதித் தூரத்துக்குப் பாதி வேகம் என்று மனம் விடை கூறும். அவ்விடை பிழையானது. காற்றின் தடையை ஒதுக்கி நோக்கின், எறிபொருள் செல்லுந் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. எனவே பாதி வேகம் கால்வாசித் தூரத்தையே தரும். பாதித் தூரத்துக்கு ஏறத்தாழ 71 வீத வேகம் வேண்டும். காற்றும் பந்தின் சுழற்சியும் இக்கணக்கைச் சற்று மாற்றுமாயினும், அதன் போக்கு மாறுவதில்லை. இதிலிருந்து பெறப்படும் மற்றொன்று இன்னும் முக்கியமானது. வேகத்தில் பத்திலொரு பங்கு பிழைத்தால், தூரத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு பிழைக்கும். 50 யார் அடியில் அது 10 யார் பிழை. மேலும், வேகம் குறையும்போது பந்தின் பின்சுழற்சியும் குறைகின்றது. புல் ஈரமாயிருப்பின் கோல்முகத்துக்கும் பந்துக்குமிடையே உராய்வு குன்றுவதால், சுழற்சி மேலும் தளரும்.

இவ்வடியில் தவறுவோரிற் பெரும்பாலோர் ஒரே விதமாகவே தவறுகின்றனர். கோலைப் பின்னே மிகத் தொலைவு கொண்டு செல்கின்றனர். கீழிறக்கும் வேளையில், 'இது அதிகம்' என்று உள்ளம் எச்சரிக்கின்றது. உடனே கைகள் தளர்கின்றன. உடல் திரும்பாது நின்றுவிடுகின்றது. மணிக்கட்டுகள் மட்டும் பந்தைத் தூக்கிவிட முயல்கின்றன. கோல் பந்துக்குப் பின்னால் நிலத்தில் மோதுகின்றது, அல்லது அதன் விளிம்பு பந்தின் நடுவில் பட்டுப் பந்து தரையோடு விரைந்து கிறீனைக் கடந்து ஓடுகின்றது. அடியின் அளவைக் கீழிறங்கும்போது தீர்மானிக்க முயல்வதே இதன் மூலகாரணம். அளவு பின்வீச்சிலேயே தீர்ந்துவிட வேண்டும். பின்வீச்சு குறுகியதாகவும், அதன்பின் வரும் முன்வீச்சு அதற்குச் சமமாகவோ சற்று நீண்டதாகவோ இருக்குமாயின் கைகள் தளர இடமில்லை. கால்களைச் சற்று நெருக்கி வைத்தலும், உடற்பாரத்தை முன்காலில் சிறிது கூடுதலாகத் தாங்கலும், கோலைப் பிடியின் கீழ்ப்பகுதியிற் பற்றலும் இதற்குத் துணைபுரியும். நெஞ்சு இலக்கை நோக்கித் திரும்பி முடிய வேண்டும். தாளகதி மட்டும் முழுவீச்சுக்குரியதாகவே இருத்தல் நன்று.

இவ்விடயத்தை ஒழுங்குபட ஆராய்ந்தவர் டேவ் பெல்ஸ். நாசா நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராகப் பணியாற்றிய இவர், மாணவப் பருவத்தில் ஜக் நிக்லசுக்கு எதிராக ஆடித் தோற்றவர். பிற்காலத்தில் அவர் குறுந்தூர ஆட்டத்தையே தமது ஆய்வுக்களமாக்கிக்கொண்டார். அவர் வகுத்த முறை மிக எளியது. ஆட்டக்காரரை ஒரு மணிக்கூட்டின் முகப்பாகக் கற்பனை செய்து, இடக்கையைப் பின்வீச்சில் ஏழரை மணி, ஒன்பது மணி, பத்தரை மணி ஆகிய நிலைகளில் நிறுத்தப் பழக வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் பந்து எவ்வளவு தூரம் செல்கின்றது என்பதை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு வெட்ஜ் கோல்களும் மூன்று நிலைகளும் சேர்ந்து பன்னிரண்டு தூரங்களைத் தரும். உணர்வை நம்பி ஆடுவோர்க்கு இது இயந்திரத்தனமாகத் தோன்றலாம். எனினும் பதற்றத்தில் முதலிற் கைவிட்டுப் போவது அவ்வுணர்வே என்பதையும் மறுக்கவியலாது. பெல்சின் ஆலோசனையை ஏற்று 60 பாகைக் கோலைக் கைக்கொண்ட முன்னோடிகளுள் ரொம் கைற் ஒருவர். 1992ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்கப் பகிரங்கச் சுற்றின் இறுதிநாளில், பெபிள் பீச்சில் கடுங்காற்று வீசிக்கொண்டிருக்க, ஏழாங் குழியில் கிறீனுக்கு வெளியேயிருந்து அவர் அடித்த பந்து நேரே குழியுட் சென்றது. அச்சுற்றில் அவரே வெற்றி பெற்றார்.

எனினும், இவ்வடியின் மதிப்பை உலகறியச் செய்தது 2007ஆம் ஆண்டு மாஸ்ரர்ஸ் சுற்றுப் போட்டியே எனலாம். ஓகஸ்ரா மைதானத்தில் ஐந்து அடிகளில் முடிக்க வேண்டிய குழிகள் நான்கு உள. வலிமை மிக்கோர் அவற்றின் கிறீனை இரண்டாவது அடியிலேயே எட்ட முயல்வர். சாக் ஜோன்சன் நெடுந்தூரம் அடிப்பவரல்லர். நான்கு நாட்களிலும் அக்குழிகளைச் சந்தித்த பதினாறு தடவைகளில் ஒருதடவையேனும் அவர் அம்முயற்சியில் இறங்கவில்லை. இரண்டாவது அடியைக் கிறீனுக்கு இப்பால் நிறுத்தி, மூன்றாவதை வெட்ஜ் கோலால் ஆடினார். அப்பதினாறில் பதினொன்றை நான்கே அடிகளில் முடித்தார். ஒன்றிலேனும் ஐந்துக்கு மேற்செல்லவில்லை. ஏனைய குழிகள் யாவற்றிலும் சேர்த்து அவர் பன்னிரண்டு அடிகள் கூடுதலாக எடுத்தார் என்பதை நோக்குமிடத்து, அவ்வெற்றி எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகும். 289 அடிகளோடு அவர் முதலிடம் பெற, ரைகர் வூட்ஸ் உட்பட மூவர் இரண்டு அடிகள் பின்தங்கி நின்றனர்.

இதனைக்கொண்டு, இரண்டாவது அடியை எப்போதும் தொலைவிலேயே நிறுத்துதல் மேலானது என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் புரோடி, 2014இல் வெளிவந்த தமது நூலில், தொழில்முறை ஆட்டங்களிற் பதிவான பெருந்தொகையான அடிகளை ஆராய்ந்து இரு முடிவுகளைக் கூறினார். சிறந்த ஆட்டக்காரருக்கும் ஏனையோர்க்குமிடையிலான வேறுபாட்டில் மூன்றில் இரு பங்கு நெடுந்தூர அடிகளினால் விளைவது என்பது ஒன்று. குழிக்கு எவ்வளவு அண்மையில் நிற்கின்றோமோ, பொதுவாக அவ்வளவு நன்மை என்பது மற்றையது. ஜோன்சனின் கதை இதற்கு முரணானதெனச் சிலர் கருதுவர். உண்மையில் முரண் எதுவுமில்லை. சராசரி வேறு, நீரின் முன் நிற்கும் ஒருவரின் நிலை வேறு. அன்றியும், 40 யாரில் நிற்க அஞ்சி வேண்டுமென்றே 100 யாரில் நின்றுவிடும் சாதாரண ஆட்டக்காரருக்கு, குறைவீச்சைக் கற்க வேண்டிய காரணத்தைப் புரோடியின் கணக்கே தருகின்றது. அவ்வடி கைவராதவர்க்கு அண்மையினாற் பயனில்லை.

கைவந்தவர்க்கும் இடையூறுகள் வேறு வடிவில் வரும். 2013ஆம் ஆண்டு அதே ஓகஸ்ராவில், இரண்டாம் நாள், பதினைந்தாங் குழியில் ரைகர் வூட்ஸ் வெட்ஜ் கோலால் மூன்றாவது அடியை அடித்தார். பந்து நேராகச் சென்று கொடிக்கம்பத்தில் மோதித் தெறித்து, கிறீனின் முன்னாலுள்ள குளத்துள் விழுந்தது. அவர் முன்னைய இடத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு யார் பின்னே சென்று பந்தை இட்டு, சற்றே குறைத்து அடித்தார்; இம்முறை பந்து குழிக்கு மிக அருகில் நின்றது. தாம் பின்னே சென்ற கதையை அவரே தொலைக்காட்சிச் செவ்வியில் விளக்கினார். முன்னைய இடத்துக்கு இயன்றவரை அண்மையில் பந்தை இட வேண்டும் என்பது அவர் கைக்கொண்ட விதியாதலால், மறுநாள் நடுவர்கள் அவர்மீது இரண்டு அடிகள் தண்டனை விதித்தனர். ஆறாக எழுதப்பட்டிருந்த அக்குழியின் கணக்கு எட்டாகத் திருத்தப்பட்டது.