கத்தரிக்கு ஓர் உறை

சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவரா நீங்கள்? அப்படியென்றால் அவர் இடுப்பைக் கட்டாயம் கவனித்திருப்பீர்கள். துப்பாக்கியை விடுங்கள்... அது உட்கார்ந்திருக்கும் அந்தத் தோல் உறை இருக்கிறதே! 1948-ல் இத்தாலிக்காரர்கள் உருவாக்கிய அமெரிக்க கௌபாய், தமிழில் வசனம் பேசி நம்மூர்ப் பையன்களையும் கெடுத்து வைத்தார்.

அப்படிக் கெட்ட ஒருவர் இப்போது திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் சாம்பிள் கட்டிங் மாஸ்டர். பத்து அங்குலக் கத்தரியை எங்காவது வைத்துவிட்டு நாளெல்லாம் தேடுகிற ஆசாமி. டெக்ஸ் மாதிரி இடுப்பில் ஓர் உறை இருந்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. இணையத்தில் பார்த்தால், கையால் செய்த அமெரிக்க உறை நூறு டாலருக்கு மேல் போகிறது. பேசாமல் அவிநாசிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் தாத்தாவிடம் படத்தைக் காட்டிவிட்டார்.

தாத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அருந்ததியர். கவலை ஏற்றத்துக்குத் தோல் தைத்தவர்.

கவலை பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். கிணற்றிலிருந்து மாடு கட்டி நீர் இறைக்கும் ஏற்பாடு அது. சாலின் அடியில் யானைத் தும்பிக்கை போல நீளமாக ஒரு தோல் குழாய். மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும், குழாய் வழியே தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். தையல் ஒழுகினால் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு, கொங்கு நாட்டில் மோட்டார்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கவலையை விரட்டின. அத்தோடு பெரியவருக்கும் வேலை போனது.

ஈரோட்டிலிருந்து வாங்கிவந்த தோலை அவர் முதலில் முகர்ந்து பார்த்தார். "மருந்து போட்டதில்ல சாமி, பட்டையில பதம் பண்ணது." ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, வெயிலில் சிவக்காமலிருக்கக் கடுக்காய்ச் சாறு காட்டி எடுப்பார்கள். தமிழ்நாட்டின் அந்த 'ஈ.ஐ. லெதர்' புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. குரோமியம் போட்ட தோல் மெத்தென்று இருக்கும், ஆனால் அழுத்திய வடிவத்தில் நிற்காது. பட்டைத் தோல் நிற்கும். அமெரிக்காக்காரரும் துப்பாக்கி உறைக்கு இதே காரணத்துக்காகத்தான் பட்டைத் தோலைத் தேடுகிறார்.

தைக்கிற ஓரத்தில், இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு வாரைச் செருகினார். கத்தரியின் முனை நூலை அறுக்காமல் அது தாங்கும். மெழுகு தேய்த்த ஒரே நூல்தான். ஊசியால் குத்திய ஒவ்வொரு துளையிலும் அதன் இரண்டு முனைகளும் எதிரெதிராகப் போய் வருகின்றன. ஓர் இடத்தில் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். ஒரு நூலை இழுத்தால் மொத்தமாகப் பிரிந்துவரும் அரிசி மூட்டைத் தையலைத்தான் நாம் பார்த்திருக்கிறோமே!

பிறகு தோலை நனைத்து, பாலித்தீனில் சுற்றிய கத்தரியை உள்ளே விட்டு, வழவழப்பான புளியங்கட்டையால் அழுத்தினார். அழுத்த அழுத்தக் கத்தரியின் உருவம் வெளியே எழுந்துவந்தது. நிழலில் ஒரு நாள் காய்ச்சல். வெயிலில் வைத்தால் விறைத்து வெடிக்கும். காய்ந்ததும் விளிம்பை ஈரம் தொட்டுத் தொட்டுக் கட்டையால் தேய்த்தார், கண்ணாடி போல மின்னும்வரை. கடைசியாக விளக்கெண்ணெய்.

அந்த நேரம் பார்த்து மகன் வந்தார், பையனின் அப்பா. முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் உழைத்துக் குடும்பத்தைத் தோலிலிருந்து வெளியே இழுத்தவர். ஊசியைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது.

"ஏனுங்க சார், எங்கப்பா தெச்ச தோல்லதான் தோட்டத்துத் தண்ணியெல்லாம் மேல வந்துச்சு. அந்தக் கெணத்துல நாங்க ஒரு வாய் மொண்டு குடிக்க முடியாதுங்க. ஊருக்கே செருப்புத் தெச்சுக் குடுத்தவரு, அவங்க வீதியில செருப்பைக் கையில புடிச்சுட்டு நடந்தாரு. இதப் போயி கலைன்னு எழுதப் போறீங்களா?"

நியாயமான கேள்வி. பரம்பரைத் தொழில் அழிகிறதே என்று தூரத்திலிருந்து உச்சுக்கொட்டுவது சுலபம். இங்கே பரம்பரைதானே பிரச்னையே! பெரியவர் என்னைச் 'சாமி' என்கிறார். 'வேண்டாங்க ஐயா' என்று நாலு தடவை சொல்லியும் அந்த வாய் மாறவில்லை. அந்தச் சொல்லும் தொழிலோடு சேர்ந்தே கற்றுக்கொடுக்கப்பட்டது.

"அப்பல்லாம் கூலி எவ்வளவுங்க?" என்று பெரியவரைக் கேட்டேன். பி.காம். படித்தவனுக்கு வேறென்ன கேட்கத் தெரியும்?

"கூலி ஏது சாமி... வருசத்துக்கு இத்தனை வள்ளம் கம்புன்னு அளந்து போடுவாங்க. எத்தன தெச்சாலும் அதேதான்."

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். தோல், நூல், மெழுகு, இரண்டு நாள் உழைப்பு. கம்பெனியில் டெய்லருக்கு ஷிஃப்ட் கூலி என்னவோ, அதற்குக் குறையாமல். மொத்தம் 1,800 ரூபாய். மகன் தாளை வாங்கினார், படித்தார், என் பேனாவையும் வாங்கினார்.

"ராத்திரி உக்காந்து தேச்சாரே சார்... ஓவர்டைம் எங்க?"

2,500 என்று திருத்தினார்.

உறையை இடுப்பில் பார்த்துவிட்டு, பக்கத்து யூனிட் கட்டிங் மாஸ்டர்கள் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பெரியவர் இலவசமாகவே செய்து கொடுத்துவிடுவார் போல. மகன் விடவில்லை. பாதிப் பணம் கைக்கு வந்த பிறகுதான் தோலை நனைக்கவே விடுகிறார்.