அவசரப்பட்டு வாங்கிய டி.சி.

"ஊரெல்லாம் பெரிய ஸ்கூல்ல சேர்க்கிறாங்க, நீங்க மட்டும் இன்னும் கவர்ன்மென்ட் ஸ்கூலா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு நான் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

என் மூத்த பெண் ஆறாம் வகுப்பிலிருந்தே எங்கள் ஊர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். 2022-ல் பத்தாம் வகுப்பில் 500-க்கு 463 வாங்கி வகுப்பில் முதலாவதாக வந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு கெட்டிக்காரியை இங்கேயே வைத்திருக்கலாமா என்று மனசு அடித்துக்கொண்டது.

"டீச்சருங்க நல்லாத்தானே சொல்லித் தர்றாங்க? எதுக்கு மாத்தணும்?" என்றார் என் கணவர். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வளையலை அடகு வைத்தேன், டி.சி. வாங்கினேன்; டவுனில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில வழி ப்ளஸ் ஒன்னில் சேர்த்துவிட்டேன்.

காலாண்டுத் தேர்வில் 48 பேரில் 29-வது ரேங்க்! 'அடர்த்தி', 'வேதிவினை' என்று படித்தவளுக்கு எல்லாமே இங்கிலீஷில் வந்தால் என்ன செய்வாள்? "எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா" என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கல்லூரியில் சேரும்போது வகுப்பு ரேங்கை யாரும் கேட்பதில்லை, ப்ளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பெண்ணின் தைரியம் பாதி போயிருந்தது.

2024-ல் ப்ளஸ் டூவில் 600-க்கு 487. பொறியியலுக்குக் கணக்கு மதிப்பெண்ணை முழுசாகவும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைப் பாதிப் பாதியாகவும் கூட்டுகிறார்கள். அப்படிப் பார்த்தால் கட்-ஆஃப் 200-க்கு 151.

கவுன்சலிங் விண்ணப்பம் போட கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். எந்தெந்த வகுப்பு எந்தெந்தப் பள்ளியில் என்று வரிசையாகக் கேட்ட பையன் நிமிர்ந்து பார்த்தான். "கடைசி ரெண்டு வருஷம் பிரைவேட்டா? அப்போ 7.5 சதவீதம் கிடைக்காதேக்கா!"

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் மருத்துவப் படிப்பிலும், 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளிலும் 7.5 சதவீத இடம் ஒதுக்கினார்கள். அந்தச் சலுகையை என் கையாலேயே விட்டுவிட்டேன்! இவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் அங்கேயே படித்து, இவளைவிடக் குறைந்த கட்-ஆஃபில் அரசுப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாள். அவளுக்குக் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வேறு. என் பெண்ணோ கல்விக் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் படிக்கிறாள்.

சகோதரிகளே, பள்ளியை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்தால் என்ன செய்ய முடியும்? அப்போதுகூட ஓர் அரசுப் பள்ளியிலிருந்து இன்னோர் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் இந்த உரிமை போகாது. புதுப் பள்ளியில் பயிற்று மொழி என்ன, பிள்ளை விரும்பும் குரூப் இருக்கிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பத்தாவது முடித்ததும் மாற்றிவிடுங்கள். ப்ளஸ் ஒன்னுக்கும் ப்ளஸ் டூவுக்கும் நடுவில் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையை ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவே இல்லை.

என் சின்னப் பெண்ணும் பத்தாவது முடித்துவிட்டாள். "அவளையாவது அங்கேயே விடும்மா" என்றாள் பெரியவள். விட்டுவிட்டேன். அதே பள்ளி, அதே தமிழ் வழி. காலையில் இரட்டைப் பின்னலோடு சிரித்துக்கொண்டே கிளம்புகிறாள். பக்கத்து வீட்டு அக்கா இப்போதும் கேட்கத்தான் செய்கிறார். நானும் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறேன்.