பிக்கப் வண்டிக்கு கேரியர் கட்டிய கதை

ஒரு ஏணியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எப்படி எடுத்துக்கொண்டு போவது? இதெல்லாம் ஒரு கேள்வியா என்று சிரிக்காதீர்கள். நாமக்கல்லில் ஒரு பெயிண்டர் இந்தக் கேள்விக்கு விடை தேடி ஒன்றரை வருடம் அலைந்தார். கையில் இருந்த பணத்தில் ஒரு பகுதி போனது. ஓர் உயிரும் போயிருக்க வேண்டியது, மயிரிழையில் தப்பியது.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடலாம். வீடுகளுக்கு பெயிண்ட் அடிக்கும் காண்டிராக்ட் எடுப்பவர். அவரிடம் நாலு பேர் வேலை செய்கிறார்கள். பல வருடங்கள் வாடகை டெம்போவில்தான் சாமான் போய்க்கொண்டிருந்தது. வேலை கிடைத்த நாளில் டெம்போ கிடைக்காது, டெம்போ கிடைத்த நாளில் மழை வரும். வீட்டில் கணக்கு நோட்டு எழுதுவது அவர் மனைவி. வருடத்துக்கு டெம்போ வாடகை எவ்வளவு என்று ஒருநாள் கூட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு வண்டியே வாங்கிப்போடலாம்ங்க" என்று சொன்னார். கடன் வாங்கி ஒரு பழைய பிக்கப் வாங்கினார்கள்.

பெயிண்ட் டப்பா, பிரஷ், ரோலர், பட்டி மூட்டை எல்லாம் பின்னால் பாடியில் அழகாக உட்கார்ந்துகொண்டன. ஏணிதான் உட்காரவில்லை! பாடியின் நீளம் எட்டரை அடி, ஏணியோ பதினாலு அடி. பின்னால் ஐந்தரை அடி நீட்டிக்கொண்டு போனால் போலீஸ் பிடிக்கும், பின்னால் வருகிறவன் மேல் குத்தும். எனவே எல்லாரும் செய்வதையே அவரும் செய்தார். ஏணியின் அடியை பாடியில் வைத்து, தலையை கேபின் மேல் சாய்த்து, கீழே ஒரு கோணிப்பையை மடித்துப் போட்டு, நைலான் கயிற்றால் கட்டினார்.

இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு மழை நாளில் சேலம் ரோட்டில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. பிரேக் அடித்தார். வண்டி நின்றது, ஏணி நிற்கவில்லை. கேபினைத் தாண்டி முன்னால் வழுக்கி, வலது பக்கமாகச் சரிந்து ரோட்டில் விழுந்தது. எதிரே ஸ்கூட்டரில் ஒரு அம்மா, முன்னால் நின்றபடி ஒரு குழந்தை. ஏணியின் நுனி அவர்களுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அந்த அம்மா திட்டக்கூட இல்லை, குழந்தையை இறுகப் பிடித்துக்கொண்டு ஓரமாய் உட்கார்ந்துவிட்டார். அன்று இரவு பெயிண்டர் சாப்பிடவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று? மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடுகிறது. மேலே கிடக்கும் ஏணிக்கும் அதே வேகம்தான். பிரேக் பிடிப்பது சக்கரத்தை மட்டுமே. ஏணியைப் பிடிக்க அங்கே ஒரு கயிறு மட்டும்தான் இருக்கிறது, அதுவும் நைலான் கயிறு. நனைந்தால் நைலான் இளகி நீளும். காலையில் இறுக்கமாய்க் கட்டியது மழையில் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மறுநாளே பக்கத்தில் இருந்த ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனார். "கேபின் மேல ஒரு கேரியர் வேணும், ஸ்ட்ராங்கா இருக்கணும்." பட்டறைக்காரர் ஸ்ட்ராங்காகத்தான் செய்தார். கேபின் கூரையில் ஆறு ஓட்டை போட்டு முன்பாதியை போல்ட் வைத்து முடுக்கினார். பின்பாதியை பாடியின் மேல் நிறுத்தி, இரண்டையும் நீளமான பைப்பால் சேர்த்து வெல்டிங் வைத்தார். பார்க்க கோட்டை மாதிரி இருந்தது. செலவு ஒன்பதாயிரம்.

ஒன்றரை மாதத்தில் கேபினும் பாடியும் சேரும் இடத்துக்கு மேலே வெல்டிங் விட்டுப்போனது. மறுபடி வைத்தார்கள், மறுபடி விட்டது. மூன்றாம் முறை கனமான பட்டையை வைத்து முட்டுக் கொடுத்தார்கள். இந்த முறை வெல்டிங் நின்றது, ஆனால் கேபின் கூரைத் தகடு போல்ட் ஓட்டைகளைச் சுற்றிக் கிழிய ஆரம்பித்தது! மழை பெய்தால் டிரைவர் சீட்டில் சொட்டியது. ஓட்டைகளின் விளிம்பில் துரு ஏறியது.

இங்கே வணிகவியல் பாடத்தில் வரும் ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஏற்கெனவே செலவாகி, இனி எப்படியும் திரும்பி வராத பணத்தை அடுத்த முடிவுக்குக் காரணமாக வைக்கக் கூடாது என்பார்கள். படிக்கும்போது சுலபமாகத் தெரியும். ஒன்பதாயிரம் போட்ட கேரியரைக் கழற்றி எறி என்று அந்தப் பெயிண்டரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்! "இவ்வளவு போட்டாச்சு, இன்னும் ஒரு ஐந்நூறு போட்டா நின்னுரும்" என்றுதான் ஒவ்வொரு முறையும் அவருக்குத் தோன்றியது. கடைசியில் கணக்கு நோட்டை நீட்டியது அவர் மனைவிதான். மூன்று முறை ஒட்டுப்போட்ட கூலியும், வண்டி நின்ற நாட்களின் நஷ்டமும் சேர்ந்து முதல் செலவைத் தொட்டுக்கொண்டிருந்தன.

லாரி பாடி கட்டுவதற்குப் பேர் போன ஊர் நாமக்கல். அங்கே பல வருடங்கள் லாரி பாடி கட்டிய வயதான மேஸ்திரி ஒருவரிடம் யாரோ அனுப்பிவைத்தார்கள். அவர் கேரியரைப் பார்க்கவே இல்லை. ஒரு மரக்கட்டையைப் போட்டு, முன்சக்கரம் ஒன்றை அதன் மேல் ஏற்றச் சொன்னார். பிறகு கேபினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் சந்தைக் காட்டினார். ஒரு பக்கம் சந்து அகன்றிருந்தது, மறுபக்கம் சுருங்கியிருந்தது.

"பாத்தீங்களா? கேபினுக்கு ஒரு ஆட்டம், பாடிக்கு ஒரு ஆட்டம்ங்க. ரெண்டையும் சேத்துக் கட்டுனா எப்படி நிக்கும்?"

"அப்ப இன்னும் கனமான பைப்பு போடலாங்களா அண்ணா?"

"கனமா போட்டா பைப்பு நிக்கும், கேபின் கிழியும். அதானுங்க நடந்திருக்கு."

விஷயம் இதுதான். நம் ஊர் பொலேரோ பிக்கப் ஆகட்டும், 1968 முதல் உலகம் சுற்றும் டொயோட்டா ஹைலக்ஸ் ஆகட்டும், இந்த மாதிரி வண்டிகளில் கீழே ஏணி போன்ற ஒரு சேசிஸ் ஓடுகிறது. அதன் மேல் கேபின் ரப்பர் புஷ்களில் தனியாக உட்கார்ந்திருக்கிறது, பாடி தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் சேசிஸ் லேசாக முறுக்கிக்கொள்ளும். அது கெடுதல் அல்ல, அப்படி முறுக்கிக்கொள்ளும்படிதான் செய்திருக்கிறார்கள். அந்த முறுக்கலில் இரண்டும் வெவ்வேறு விதமாய் அசைவதற்காகத்தான் நடுவில் சந்து விட்டிருக்கிறார்கள். அந்தச் சந்தின் குறுக்கே இரும்பை வைத்துப் பூட்டினால், ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருப்பது போல ஆகிவிடும். ஏதோ ஒன்று ஒடிந்தே தீரும். ஒட்டுப் போடப் போட ஒடியும் இடம் மாறுமே தவிர ஒடிவது நிற்காது.

இன்னொன்று, கேபின் கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. அது மழைக்கும் வெயிலுக்கும் போட்ட கூரை. சுமை தாங்கப் போட்டதல்ல. சுமை இறங்க வேண்டிய இடம் சேசிஸ்.

மேஸ்திரி போட்ட திட்டம் எளிமையானது. நாலு கால்களும் பாடியிலேயே நிற்க வேண்டும், அதுவும் தகட்டில் அல்ல, பாடிக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டங்களில். முன்கால்களிலிருந்து இரண்டு கைகள் மட்டும் கேபினுக்கு மேலே நீளும். கேபினைத் தொடாது, நாலு விரல் இடைவெளி. "அந்தக் கை அந்தரத்தில் தொங்குதே, தாங்குமா?" என்று பெயிண்டர் கேட்டார். தாங்கும். பதினாலு அடி ஏணியின் நடு ஏழாவது அடியில் வருகிறது. பின்நுனியை பாடியின் கடைசியோடு வைத்தால் அந்த நடு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் விழும். பாரம் கால்களுக்குப் போய்விடும், முன்கை ஏணி குதிக்காமல் ஏந்தினால் போதும். வண்டியின் மொத்த நீளம் பதினாறு அடி. ஏணி முன்னாலும் பின்னாலும் வண்டியைத் தாண்டாது.

கனத்தையும் கணக்குப் பார்த்தார்கள். 40 மில்லிமீட்டர் சதுரப் பைப், 2 மில்லிமீட்டர் கனம் என்றால் மீட்டருக்கு சுமார் 2.4 கிலோ. இருபது மீட்டர் பைப் போட்டால் 48 கிலோ. ஏணி இல்லாத நாளிலும் இந்த 48 கிலோ வண்டியோடு வரும், ஏற்றும் சரக்கில் அந்த அளவு குறையும். மேலும் அது உயரத்தில் இருக்கும் எடை, வளைவுகளில் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். எனவே "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஒரு பைப்கூட அதிகம் போடக் கூடாது. வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் வண்டியின் அச்சைப் பற்றிப் பேசியது சும்மா அல்ல! உறுதிக்காக மூலைகளில் முக்கோணத் தகடும், பக்கவாட்டில் குறுக்கு முட்டும் வைத்தார்கள். நாலு பக்கச் சட்டம் தள்ளினால் கோணிக்கொள்ளும், முக்கோணம் கோணாது. ஏணி முன்னால் வழுக்காமல் இருக்க முன்கையின் நுனியில் ஒரு தடுப்பும் வந்தது.

இரும்பு வாங்குவதற்கு முன் மேஸ்திரி ஒரு காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்து, பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டிக் கேட்டு வரச் சொன்னார். இதைப் பலரும் செய்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரங்களோடு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. சரக்கு அனுமதித்த எல்லையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், 2019 திருத்தத்தின்படி அபராதம் இருபதாயிரம் ரூபாய். சரக்கு வண்டி எப்படியும் எஃப்.சி.க்குப் போய் நிற்க வேண்டியதுதான். அங்கே போய்க் கழற்றுவதைவிட முன்னாலேயே கேட்டுவிடுவது லாபம்.

வெல்டிங் வைக்கும் நாளில் முதல் வேலையாக பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார்கள். இல்லையென்றால் வெல்டிங் கரண்ட் வண்டியின் எலெக்ட்ரானிக் பாகங்களைக் கெடுத்துவிடலாம். சேசிஸில் ஓட்டையும் போடவில்லை, வெல்டிங்கும் வைக்கவில்லை. போல்ட்டுகளுக்கு நைலாக் நட் போட்டார்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்லி மறுபடி முடுக்கினார்கள். ரெட் ஆக்சைடும் பெயிண்டும் யார் அடித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை! மொத்தம் பதினேழாயிரம் ஆனது. வீட்டு நோட்டில் அது வண்டியின் விலையோடு சேர்த்து எழுதப்பட்டது. பழைய கேரியரின் ஒன்பதாயிரம் "தண்டம்" என்ற தலைப்பில் இருக்கிறது.

இப்போது நைலான் கயிறு கிடையாது, ராட்செட் பெல்ட்தான். தினமும் காலையில் கிளம்பும் முன் கேரியரைப் பிடித்து ஒரு முறை ஆட்டிப் பார்ப்பார். பத்து கிலோமீட்டர் போனதும் ஓரம் கட்டி, பெல்ட்டை இன்னொரு முறை இறுக்குவார்.

கேபின் கூரையில் அந்த ஆறு ஓட்டைகளும் அடைபட்டு, ஆறு தழும்புகளாக இன்னும் இருக்கின்றன. அவரே பெயிண்டர், நினைத்தால் பட்டி பார்த்து ஒரு மணி நேரத்தில் மறைத்துவிடலாம். கேட்டால், "இருக்கட்டும்ங்க" என்கிறார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது பிக்கப்புக்கு கேரியர் கட்டப் போனால், இரும்புக் கடைக்குப் போகும் முன் ஒரு சக்கரத்தைக் கட்டை மேல் ஏற்றி, அந்தச் சந்தை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.