தலைக்கு மேல ஒரு பரண்

நம்ம லாஸ்பேட்டை ஏர்போர்ட்ல இருந்து ப்ளைட்ல போறேன்னு சொன்னா ஊர்ல இன்னும் சில பேர் சிரிக்கிறாங்க. அவங்களையும் குறை சொல்ல முடியாது. 2013-ல ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்கு விட்டாங்க, கொஞ்ச நாள்ல நின்னுது. 2017-ல உடான் திட்டத்துல ஐதராபாத்துக்கு வந்துச்சு, 2020-ல அதுவும் நின்னுது. 2022 மார்ச்ல திரும்ப வந்துச்சு, 2024-ல திரும்ப நின்னுது. அப்புறம் 2024 டிசம்பர் 20-ம் தேதி இண்டிகோ ஆரம்பிச்சாங்க. இப்படி வர்றதும் போறதுமா இருந்தா எவன் நம்புவான்?

ஆனா இந்தப் பதிவு ஏர்போர்ட் வரலாறு பத்தி இல்ல. அந்த விமானத்துக்குள்ள தலைக்கு மேல இருக்கிற பரண் பத்தி. ஓவர்ஹெட் பின்னுன்னு ஸ்டைலா சொல்லலாம், ஆனா வீட்ல பரண்னு சொல்றோமே, அதேதான் இது. அதே மாதிரிதான் சண்டையும் வருது.

புதுச்சேரி ஓடுபாதை சுமார் 1500 மீட்டர்தான். ஏர்பஸ், போயிங் எல்லாம் இங்க வந்து இறங்கறது நடக்காத காரியம். அதனால நமக்கு எப்பவுமே காத்தாடி வச்ச விமானம்தான். முன்னாடி க்யூ-400, இண்டிகோ வந்தப்புறம் ஏடிஆர்-72. எழுபத்தெட்டு சீட். இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு, நடுவுல ஒருத்தர் போற அளவுக்குப் பாதை. நடு சீட்டே கிடையாது. அதாவது உங்க பக்கத்துல ஒரே ஒரு ஆள்தான், மேல இருக்கிற பரண்ல உங்களுக்கும் அந்த ஆளுக்கும்தான் முதல் பங்கு. அந்தப் பரணும் சின்னது. ஏர்பஸ்ல சமத்தா உள்ள போய்ப் படுக்கிற டிராலி இங்க மூக்கை நீட்டிக்கிட்டு நிக்கும், கதவு மூடாது.

விதி என்னன்னா, ஆளுக்கு ஒரு கைப்பை, எகானமில ஏழு கிலோ, நீளம் அகலம் உயரம் மூணையும் கூட்டினா 115 சென்டிமீட்டருக்குள்ள. அதோட லேப்டாப் பையோ லேடீஸ் ஹேண்ட்பேக்கோ ஒண்ணு. நிஜத்துல என்ன நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். ஒரு டிராலி, ஒரு லேப்டாப் பை, ஒரு பேக்கரி பெட்டி, ஆரோவில்ல வாங்கின ஊதுபத்தி வச்ச துணிப்பை, கழுத்துல ஒரு தலையணை. இத்தனையையும் மேல ஏத்திட்டு, காலுக்கு அடியில வெறும் செருப்பை மட்டும் வச்சுக்கிட்டு, காலை நீட்டி உக்காருவாங்க. பின்னாடி வர்றவன் கையில பையோட முழிச்சுக்கிட்டு நிப்பான்.

இதே ஆளைக் கடலூர் போற பஸ்ஸில் பாருங்க. நம்ம பக்கத்து பஸ்ஸில் ஒரு பழக்கம் இருக்கே, அதை யாரு எப்ப ஆரம்பிச்சு வச்சாங்களோ தெரியாது, அவங்க நல்லா இருக்கணும். நின்னுக்கிட்டு வர்றவங்க உக்காந்திருக்கிறவங்க கிட்ட பையைக் குடுக்கறது. "தம்பி, இதைக் கொஞ்சம் வச்சுக்கப்பா"ன்னு ஒரு வார்த்தை. சில சமயம் அந்த வார்த்தை கூட இல்ல, பை தானா மடிக்கு வந்துடும். அரியாங்குப்பத்துல ஸ்கூல் பசங்க ஏறினா முடிஞ்சுது, நாலு புத்தகப் பை மடியில, அதுக்கு மேல ரெண்டு லஞ்ச் பேக், முன்னாடி என்ன போகுதுன்னே தெரியாது. தவளக்குப்பத்துல ஒவ்வொருத்தனா வந்து தன் பையை உருவிக்கிட்டு போவான். எந்தப் பை யாருதுன்னு உக்காந்திருக்கிறவருக்குத் தெரியாது. ஆனா ஒரு பையும் மாறிப் போனதா நான் பார்த்ததில்ல. உள்ள என்ன இருக்குன்னு யாரும் கேக்கறதும் இல்ல.

அதுல இருக்கிற கணக்கு ரொம்ப எளிசு. உனக்கு சீட் கிடைச்சுது, எனக்குக் கிடைக்கல. அதனால என் சுமையில கொஞ்சத்தை நீ வாங்கிக்கோ. இதுக்கு எந்தப் போர்டும் எழுதி வைக்கல.

விமானத்துல இது செல்லாது. புறப்படும்போதும் இறங்கும்போதும் மடியில பை இருக்கக் கூடாது. அதுக்குக் காரணம் இருக்கு: திடீர்னு பிரேக் அடிச்சாலோ குலுங்கினாலோ அது பறந்து போய் யார் மண்டையிலயாவது விழும், அவசரமா வெளியேறணும்னா காலை இடறும். பை ஒண்ணு மேல போகணும், இல்ல முன் சீட்டுக்கு அடியில போகணும். மடிங்கிற மூணாவது இடம் இல்லாததால அந்த பஸ் மரியாதையை எங்க வைக்கிறதுன்னு நமக்குத் தெரியாம போச்சு. அவ்வளவுதான் விஷயம்னு நினைக்கிறேன். விமானத்துல ஏறினவுடனே ஜனங்க கெட்டவங்களா மாறிடறாங்கன்னு எல்லாம் நான் சொல்ல மாட்டேன்.

போன வருஷம் ஒரு சாயங்கால ப்ளைட்ல எனக்குப் பக்கத்துல ஒரு ஆயா. எழுபத்தஞ்சு வயசு இருக்கும். எனக்கு ஜன்னல், அவங்களுக்கு வழி ஓரம். பெங்களூர்ல மக வீட்டுக்குப் போறாங்க, முதல் விமானம், தனியா. கண் ஆபரேஷன் பண்ணி கொஞ்ச நாள்தான் ஆச்சாம், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாங்க. கையில ஜவுளிக்கடை கட்டைப்பை ஒண்ணு, அதை மடியில வச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தாங்க.

பணிப்பெண் வந்து மேல வச்சுடலாமான்னு கேட்டாங்க. மரியாதையாத்தான் கேட்டாங்க. ஆயா விடல. "அது மேல போனா எனக்கு எப்படிம்மா எட்டும்? சொட்டு மருந்து அதுலதான் இருக்கு, ஆறு மணிக்குப் போடணும்." சரி, கீழ வச்சுக்கோங்கன்னாங்க. "கீழயா? எனக்கு முட்டி மடங்காதும்மா. காலை நீட்டித்தான் உக்காரணும்." சரி, மேலயே வைக்கலாம்னு பணிப்பெண் பரணைத் திறந்தா, அது நிரம்பிக் கிடக்கு. நாங்க ரெண்டு பேரும் இன்னும் ஒண்ணும் வைக்கல, ஆனா நிரம்பியாச்சு! அந்தப் பெண் ஆறு வரிசை தள்ளி ஒரு இடம் இருக்குன்னு கை காட்டினாங்க. ஆயா முகத்துல ஒரு பயம். பஸ்ஸில் தெரியாத ஆள் மடியில பையைக் குடுக்கிறவங்க, இங்க ஆறு வரிசை தள்ளிப் போகுதுன்னா பயப்படறாங்க. ஏன்னா அங்க பை கண்ணுக்கு முன்னாடி இருக்கு.

நான் என்ன பண்ணேன்னா, என் பையை அந்த ஆறு வரிசை தள்ளி இருந்த இடத்துக்கு அனுப்பிட்டு, ஆயா பையை என் காலுக்கு முன்னாடி தள்ளி வச்சேன். பெரிய தியாகம் எல்லாம் இல்ல. ஒரு மணி நேரத்துச் சொச்சப் பயணம், எனக்கு முட்டி மடங்கும், என் பையில அவசரமா எடுக்க வேண்டியது ஒண்ணும் இல்ல. ஆறு மணிக்கு குனிஞ்சு மருந்தை எடுத்துக் குடுத்தேன். "நீயே ஊத்திடுப்பா, எனக்குக் கை நடுங்குது"ன்னாங்க. விமானம் வேற நடுங்குது. பட்டுன்னு ரெண்டு சொட்டுல ஒண்ணு கண்ணுக்குள்ள, ஒண்ணு கன்னத்துல. "போதும்பா, மக வந்து பார்த்துக்குவா"ன்னு சிரிச்சாங்க :-)

அன்னைக்குத்தான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. மேல ஒரு இடம், கீழ ஒரு இடம், ஆள் ரெண்டு பேர். இதைப் பாதிப் பாதியாப் பிரிச்சா சரியா வராது. யாருக்கு எது ஆகாதோ அதை விட்டுட்டு மத்ததைக் குடுக்கணும். முட்டி வலிக்காரருக்குக் கீழ் இடம் பிரயோஜனமில்ல. கைக்குழந்தை வச்சிருக்கிறவங்களுக்கு மேல் இடம் பிரயோஜனமில்ல, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் பால் பாட்டில் வேணும். எமர்ஜென்ஸி கதவுப் பக்கத்து வரிசைக்காரருக்குக் கீழ வைக்கவே விட மாட்டாங்க, முதல் வரிசைக்கு முன்னாடி சீட்டே கிடையாது. இவங்களுக்கெல்லாம் பரண்தான் ஒரே வழி. மத்தவங்க தன் சின்னப் பையைக் கீழ வச்சாலே பாதிப் பிரச்சினை தீரும். உக்கார்றதுக்கு முன்னாடி பக்கத்து ஆள் கிட்ட "உங்க பை மேல போகணுமா, கீழ இருக்கணுமா?"ன்னு ஒரு கேள்வி. ஜன்னலா வழியான்னு கேக்கறோமில்ல, அதுமாதிரி.

அப்ப எங்க பரணை நிரப்பினது யாரு? இது ஏடிஆர்க்கே உண்டான தில்லாலங்கடி. இந்த விமானத்துல பயணிகள் கதவு பின்பக்கம். முன்னாடி இருக்கிற கதவு சரக்குக்கு. பின்னாடி ஏறி முன்னாடி நடக்கணும். அதனால மூணாவது வரிசைக்காரர் என்ன பண்றாருன்னா, ஏறினவுடனே பதினெட்டாவது வரிசைப் பரண்ல பெட்டியைப் போட்டுட்டு, கை வீசிக்கிட்டு முன்னாடி போய் உக்காந்துக்கறார். இறங்கும்போது எப்படியும் பின்னாடிதான் வரணும், போற வழியில எடுத்துக்கலாம். மூளைதான், ஒத்துக்கறேன். ஆனா பதினெட்டாவது வரிசைக்காரன் தன் பெட்டியை மூணாவது வரிசைக்கு மேல கொண்டு போய் வைக்கணும், இறங்கும்போது மொத்த ஜனத்தையும் எதிர்த்து நீச்சல் அடிச்சுப் போய் எடுக்கணும், இல்ல எல்லாரும் இறங்கற வரைக்கும் தேமேன்னு உக்காந்திருக்கணும். இது எனக்கு சுத்தமா பிடிக்கல. உங்க சீட்டுக்கு மேலயே இடம் இருக்கான்னு முதல்ல போய்ப் பாருங்கய்யா. இல்லேன்னா அப்ப கேட்டு வைங்க.

இன்னொண்ணு, மத்தவங்க பையை நகர்த்தறது. ஒருதரம் எங்க வரிசைக்கு எதிர் வரிசையில ஒரு வடநாட்டுப் பொண்ணு, வில்லியனூர் சுடுமண் குதிரை ஒண்ணு வாங்கி, துப்பட்டாவுல சுத்தி, பையில வச்சு, மேல வச்சிருந்துச்சு. புவிசார் குறியீடு வாங்கின சமாச்சாரம் அது, நம்ம ஊர்ப் பெருமை. கடைசியா ஏறின ஒருத்தர் பரணைத் திறந்தார், அந்தப் பையை உள்ளங்கையால உள்ள தள்ளினார், தன் டிராலியைச் சொருகினார், கதவை ரெண்டு குத்து குத்தி மூடினார். யாரையும் ஒரு வார்த்தை கேக்கல. அந்தப் பொண்ணு ஜன்னல் ஓரம், எழுந்து வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. பெங்களூர்ல இறங்கிப் பிரிச்சுப் பார்த்தா ஒரு காது இல்ல. அவர் "ஸாரி"ன்னுட்டுப் போயிட்டார். தோள் மேல பட்டவனுக்குச் சொல்ற அதே ஸாரி. வீட்டுப் பரண்ல இருக்கிற பாட்டியோட ஊறுகாய் ஜாடியை இப்படித் தள்ளுவாரா? "இது யாருது, கொஞ்சம் நகர்த்தலாமா?"ன்னு சத்தமா ஒரு தடவை கேட்டா அந்தக் குதிரைக்குக் காது இருந்திருக்கும்.

பரண் நிரம்பிட்டா என்ன ஆகும்? பையை வாங்கி சரக்கு அறைக்கு அனுப்பிடுவாங்க. இது சின்ன விமானத்துல அடிக்கடி நடக்கும். அப்படிக் குடுக்கிறதுக்கு முன்னாடி பவர் பேங்க்கையும் உதிரி பேட்டரியையும் கண்டிப்பா வெளிய எடுத்துடணும், லித்தியம் பேட்டரி சரக்கு அறைக்குப் போகக் கூடாது. மேலயும் கண்ணுக்கு மறைவா எங்கயோ வைக்கிறது நல்லதில்ல. 2025 ஜனவரி 28-ம் தேதி தென்கொரியாவுல கிம்ஹே ஏர்போர்ட்ல ஏர் பூசான் விமானம் ஒண்ணு புறப்படறதுக்கு முன்னாடியே பரண்ல தீப்பிடிச்சு எரிஞ்சுது. நல்லவேளை, 176 பேரும் இறங்கிட்டாங்க. காரணம் பவர் பேங்க்கா இருக்கலாம்னு விசாரணையில சொன்னாங்க. அதுக்கப்புறம் மார்ச் மாசத்துல இருந்து அந்த நாட்டு விமானங்கள்ல பவர் பேங்க் மேல வைக்கக் கூடாது, கைக்குப் பக்கத்துல இருக்கணும்னு விதியே போட்டுட்டாங்க. பரண்ல நீங்க வைக்கிறது உங்க பை மட்டும் இல்ல, பக்கத்து ஆள் தலைக்கு மேலயும் அதுதான் இருக்கு.

கொசுறு: ரயில்லயும் இதே கதைதான். லோயர், மிடில் பெர்த்காரங்க எப்ப படுக்கலாம்னு ரயில்வே தெளிவா எழுதி வச்சிருக்கு, ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு. ஸ்லீப்பர்ல ஆளுக்கு 40 கிலோ இலவசம்னும் இருக்கு. ஆனா பெர்த்துக்கு அடியில இருக்கிற இடத்துல யாருக்கு எத்தனை அடின்னு எங்க பாத்தாலும் எழுதல. நம்ம டெல்லி எக்ஸ்பிரஸ் புதுச்சேரியிலயே புறப்படுது, ஏறும்போது மொத்த இடமும் காலி. மூட்டையைப் பரப்பணும்னு கை அரிக்கும். எழும்பூர்ல ஒரு குடும்பம் சங்கிலியும் பூட்டும் கையில வச்சுக்கிட்டு ஏறும் பாருங்க, அவங்களுக்காக அடியில ஓரமா தள்ளி வச்சுட்டு ஏறிப் படுங்க. ரெண்டு ராத்திரி கூடவே வரப் போறாங்க, அவங்க கொண்டு வர்ற புளியோதரை வாசனை வேற வரும்.