தன் குரலை மறந்த சவ்வு

ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எளிய பணி என்று பலரும் எண்ணுகின்றனர். உள்ளபடியே அதனினும் அரிய பணி வேறில்லை. கொண்டு செல்பவர் தம்மையறியாமலே ஒரு சொல்லைக் கூட்டுவார். தமக்குப் பிடித்த இடத்தில் குரலை உயர்த்துவார். பிடிக்காத இடத்தை விழுங்கி விடுவார். இதனாலன்றோ நம் முன்னோர் ஒரு செய்தியை ஏற்குமுன், அதைக் கொண்டு வந்த ராவி யார், அவருடைய நினைவாற்றல் எத்தகையது, நேர்மை எத்தகையது என்று துருவித் துருவி ஆராய்ந்தனர். அறிவிப்பாளர்களை ஆராய்வதே ஒரு தனிக் கலையாக வளர்ந்தது.

மனிதருக்கு விதித்த அந்தச் சோதனையைக் கருவிக்கும் விதிக்க வேண்டிய காலத்தில் நாம் வாழ்கிறோம். ஓதுதலும் சொற்பொழிவும் பிள்ளைகளின் பாடமும் இன்று பெரும்பாலும் ஹெட்போன் வழியாகவே நம் செவிக்கு வந்து சேருகின்றன. இடையில் நிற்கும் ராவி அந்தக் கருவிதான். அரபு எழுத்துகளின் மக்ரஜைக் கற்பித்துக் கொண்டே முப்பதாண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கு, அந்த ராவியின் வரலாற்றை அறிய வேண்டுமென்ற ஆவல் பிறந்ததில் வியப்பில்லை. எமது சகோதரியின் மகன் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிபுரிகிறார். “மாமா, மேலோட்டைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் டிரைவரைக் கேளுங்கள்” என்று அவர்தாம் வழிகாட்டினார்.

டிரைவர் என்றதும் பேருந்தின் முன்னிருக்கையில் அமர்ந்திருப்பவரே நமக்கு நினைவுக்கு வருவார். பெயர்ப் பொருத்தத்தில் பிழையில்லை. இதுவும் ஓட்டுநரே, காற்றை ஓட்டுகிறது. ஒரு மெல்லிய சவ்வு. அதன் முதுகில் ஒட்டிய, மயிரிழை போன்ற கம்பியாலான ஒரு சிறு சுருள். சுருளைச் சூழ்ந்து ஒரு காந்தம். இவ்வளவே அதன் உறுப்புகள். பேச்சு மின்னோட்டமாகி வந்து சுருளில் பாயும்போது, காந்தம் சுருளைத் தள்ளியும் இழுத்தும் ஆட்டுகிறது. சுருளோடு சவ்வு ஆடுகிறது. சவ்வு காற்றை ஆட்டுகிறது. காற்று நம் செவிப்பறையை ஆட்டுகிறது.

தஃப் அடிக்கும் பக்கீர்சாக்களைக் கவனித்தவர்களுக்கு இதிலுள்ள இடர் எளிதில் விளங்கும். தோலின் நடுவில் தட்டினால் ஓர் ஓசை. விளிம்பில் தட்டினால் வேறோர் ஓசை. இழுத்துக் கட்டிய எந்தத் தோலுக்கும் தனக்கென்று ஒரு குரல் உண்டு. தஃபுக்கு அது அழகு. ஹெட்போனின் சவ்வுக்கோ அதுவே குற்றம். பிறர் குரலைச் சொல்ல வந்த இடத்தில் அது தன் குரலையும் சேர்த்துச் சொல்லி விடுகிறது. டிரைவரின் வரலாறு முழுவதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: சவ்வு தன் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கக் கற்றுக்கொண்ட வரலாறு.

1876-இல் பிறந்த தொலைபேசியின் காதுக்குழலில் இரும்புத் தகடே சவ்வாக விளங்கியது. காந்தம் அந்தத் தகட்டையே நேராக இழுத்தது. கனமும் விறைப்பும் கொண்ட தகடு, தனக்கு உவப்பான சுருதி வந்தால் ஓங்கி ஒலித்தது, மற்றவற்றை முணுமுணுத்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை 1910-ஆம் ஆண்டளவில் அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. கம்பியில்லாத் தந்தியின் கட்கட ஒலியைக் கேட்பதற்கு அவை போதுமானவை. ஆனால் தந்தி ஒலிக்கு ஏது மக்ரஜ்?

1937-இல் பெர்லின் நகரில் ஆய்கன் பேயர் என்பவரின் நிறுவனம் டி.டி. 48 என்னும் மாதிரியை வெளியிட்டது. இரும்புத் தகட்டை விட்டு, சுருளைத் தாங்கிய சவ்வுக்கு மாறிய முதல் ஹெட்போன் இதுவே என்பர். அசைய வேண்டிய பொருளின் எடை குறைந்தது. எடை குறையவே சொல்லுக்குச் சொல் திரும்பும் விரைவு கூடியது. மாதிரி எழுபது ஆண்டுகளுக்கு மேல் தயாரிப்பில் நிலைத்திருந்தது.

அடுத்த திருப்பம் 1968-இல் நேர்ந்தது. ஜெர்மனியின் ஹானோவர் நகருக்கு அருகில், 1945-இல் ஃபிரிட்ஸ் சென்ஹைசர் தொடங்கிய நிறுவனம் எச்.டி. 414 என்னும் மாதிரியைக் கொண்டு வந்தது. சவ்வு முன்னே காற்றைத் தள்ளும்போது பின்னேயும் இழுக்கிறது. ஆகவே முதுகுப்புறத்திலும் அதே அளவு ஒலி பிறக்கிறது. அதுவரை இருந்த ஹெட்போன்கள் மூடிய கிண்ணங்களாதலால், பின்னே பிறந்த ஒலி சுவரில் மோதித் திரும்பி வந்து முன்னொலியோடு கலந்து குழப்பியது. எச்.டி. 414 பின்கதவைத் திறந்து விட்டது. மஞ்சள் நுரைப்பஞ்சு போர்த்திய அந்த எளிய கருவி ஒரு கோடிக்கு மேல் விற்றதாகக் கூறப்படுகிறது. சவ்வைச் சீராக்க வேண்டுமென்றால் அது குடியிருக்கும் வீட்டையும் சீராக்க வேண்டும் என்ற பாடத்தைக் கற்பித்தது இம்மாதிரிதான்.

1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே நியோடிமியம் காந்தம் உருவாக்கப்பட்டது. சிறிய உடலில் பெரிய வலிமை கொண்ட அதன் வரவால் டிரைவரின் கை ஓங்கியது. 1990-களின் தொடக்கத்தில் வந்த எச்.டி. 580, 1997-இல் வந்த எச்.டி. 600, 2003-இல் வந்த எச்.டி. 650 ஆகிய மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றின் டிரைவரை மற்றொன்றில் பொருத்திவிடலாம். அவ்வளவு நெருங்கிய உறவு. இவற்றின் சுருள் அலுமினியக் கம்பியால் ஆனது. மின்சாரத்தைக் கடத்துவதில் செம்பே சிறந்ததென்றாலும், அலுமினியத்தின் எடை செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வலிமையை விட இலேசே இங்கு வேண்டப்பட்டது.

இவற்றுள் முன்னதற்கும் பின்னதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், கண்ணுக்குத் தெரிவது மிகச் சிறிது. 580-இன் பின்புறத்தில் பிளாஸ்டிக் கட்டம் இருந்தது. 600-இல் அது உலோக வலையாயிற்று. காற்று இன்னும் தாராளமாக வெளியேறியது. 650-இல் சவ்வின் துடிப்பைத் தணிப்பதற்கென்று ஒரு மெல்லிய பட்டு போன்ற துணி சேர்ந்தது. இடது செவிக்கும் வலது செவிக்கும் உரிய டிரைவர்களை அளந்து பார்த்து இணை சேர்த்தனர். ஆறேழு ஆண்டுகள் உழைத்து ஒரு துணியை மாற்றினார்களா என்று நகைக்கத் தோன்றும். ஒரு நூலை மறுபதிப்புச் செய்யும்போது நான்கு காற்புள்ளிகளை மாற்றப் பல இரவுகள் கண்விழிக்கும் புலவர்களை அறிந்தவர்கள் நகைக்கமாட்டார்கள்.

2009-இல் வந்த எச்.டி. 800-இல் பெரியதொரு மாற்றம் நிகழ்ந்தது. வழக்கமான சவ்வைச் சுருள் வட்டமாகப் பிடித்திருப்பதால், பிடியில்லாத நடுப்பகுதி உயர்ந்த சுருதிகளில் தன் விருப்பப்படி நெளிகிறது. தஃபின் நடுவும் விளிம்பும் வேறு வேறு பேசுவதைப் போன்றதே இது. எச்.டி. 800-ஐ வடிவமைத்தவர்கள் அந்த நடுப்பகுதியையே நீக்கிவிட்டனர். 56 மில்லிமீட்டர் அகலமுள்ள அதன் சவ்வு ஒரு வளையம். பேசக் கூடாத இடத்தில் பேசும் உறுப்புக்கு அங்கே இடமே இல்லாமற் போயிற்று.

ஆயினும் குறை முற்றும் தீரவில்லை. நொடிக்கு 6,000 அதிர்வுகளை ஒட்டிய இடத்தில் அதன் ஒலி சற்றே தூக்கலாக இருப்பதை அளந்தவர்கள் கண்டனர். அரபு ஓதுபவர்க்கு இந்த இடம் நன்கு அறிமுகமானது. ஸாத், ஸாய், ஸீன் ஆகியவற்றை ஸஃபீர் எழுத்துகள் என்கிறோம். பல்லிடுக்கில் சீழ்க்கையாகப் பிறக்கும் அவ்வோசையின் ஆற்றல் குடிகொண்டிருப்பது அந்த உயரத்தில்தான். 2016-இல் வந்த எச்.டி. 800 எஸ் மாதிரியில், மிகையான அந்த ஆற்றலை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும் ஒரு சிறு அறையை அமைத்தனர். ஏழாண்டுகளின் முன்னேற்றம், ஓர் அதிகப்படியான சீழ்க்கையை அடக்கியதில் அடங்கியது.

இது செல்வர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். வெளிநாட்டில் வாழும் எமது பழைய மாணவர் ஒருவர், தம் பத்து வயது மகனின் ஓதலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். இணையவழியில் பாடம் கேட்ட ஆசிரியர் ஒருவர், “ஸீனில் சீழ்க்கை மிகுதி, நாக்குத் திருந்தவில்லை” என்று சொல்லி, விழாவில் ஓதுவோர் பட்டியலிலிருந்து பிள்ளையை நீக்கிவிட்டாராம். அன்று முதல் பையன் வாய் திறந்து ஓத மறுக்கிறான் என்று தந்தை வருந்தி எழுதியிருந்தார்.

கைப்பேசியோடு வந்த சிறு காதுக்கருவியில் நாமும் கேட்டோம். சீழ்க்கை இருக்கத்தான் செய்தது. தீர்ப்புச் சொல்லுமுன் அதே கருவியில், மறைந்த எமது உஸ்தாதின் பழைய பதிவொன்றைக் கேட்டோம். அப்பெருந்தகையின் ஸீனிலும் அதே சீழ்க்கை! பத்தாண்டுகள் அவர் முன்னே அமர்ந்து ஓதிய நாம், நேரில் ஒரு நாளும் கேட்டிராத சீழ்க்கை அது. ராவியின் குற்றம் வெளிப்பட்டுவிட்டது. பின்னர் மருமகனின் பணியிடத்துக்குச் சென்று எச்.டி. 600-இல் கேட்டபோது, இருவர் ஓதலிலும் சீழ்க்கை அடங்கியிருந்தது. பையனிடம் எஞ்சிய குறை ஒன்றுதான்: மூன்று புள்ளியிட்ட ‘ஸா’ இரண்டு இடங்களில் ஸீனாகச் சறுக்கியிருந்தது. அதை மட்டும் எழுதி அனுப்பினோம். “ஸீன் உன்னுடையது சரி” என்ற வரியைப் படித்த பிறகே பையன் மறுபடி ஓத உட்கார்ந்தான் என்று பதில் வந்தது. ஒரு குழந்தையின் நாவைக் கட்டிவிடவும் அவிழ்க்கவும் கட்டைவிரல் நகமளவு சவ்வுக்கு வல்லமை இருக்கிறது.

புதிய மாதிரி என்றாலே முந்தியதினும் உண்மையானது என்று கருதுவதற்கும் இடமில்லை. 2023-இல் வெளிவந்த எச்.டி. 660 எஸ் 2 மாதிரியில், சுருளை இன்னும் இலேசாக்கிச் சவ்வின் இயற்கைத் துடிப்பை நொடிக்கு 110-லிருந்து 70-க்கு இறக்கினர். தாழ்ந்த ஒலிகள் முன்னினும் நிறைவாக ஒலித்தன. இக்காலச் செவிகள் அதை விரும்பின, ஆகவே செய்தனர். அதே ஆண்டில் 1997-இன் எச்.டி. 600-உம் கடையில் அருகருகே விற்றுக்கொண்டிருந்தது. விருப்பம் மாறுவது ஒன்று. உண்மை நெருங்குவது வேறொன்று. எண்களிலும் மயங்க வேண்டியதில்லை. எச்.டி. 800-இன் விவரத்தாள் 51,000 அதிர்வுகள் வரை பேசுகிறது. மனிதச் செவியின் எல்லையோ இளமையிலேயே 20,000 அளவில் முடிந்துவிடுகிறது. ஐம்பதைக் கடந்த நம் போன்றோர்க்கு அதிலும் ஒரு பகுதி கழிந்துவிட்டது. மீதியை வௌவால்கள் கேட்டு மகிழட்டும்.

வீட்டில் பிள்ளைகள் புதிய ஹெட்போன் வேண்டுமென்று கேட்டால், இதில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்பதோடு, எதை நீக்கியிருக்கிறார்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள். அறிமுகமான ஒரு குரலை, தந்தையின் குரலையோ தாயின் குரலையோ, அதில் முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நேரில் கேட்பது போலவே இருந்தால் அந்த ராவியை நம்பலாம். இரும்புத் தகட்டிலிருந்து வளையச் சவ்வு வரையில் பொறியாளர்கள் பல தலைமுறைகளாக உழைத்தது, இடையில் நிற்பவன் மெல்ல விலகி, சொன்னவரையும் கேட்பவரையும் நேருக்கு நேர் நிறுத்துவதற்காகத்தான். கற்பிக்கும் தொழிலில் இருக்கும் நமக்கும் அதைவிடச் சிறந்த பாடம் வேறு தேவையில்லை.