ஊர் காத்த காடு, காடு காத்த பறவை!

அதிகாலை 6 மணி. தெற்கு மெக்ஸிகோவின் வஹாகா மாநிலம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 மீட்டர் உயரத்தில், பைன், ஓக் மரங்கள் அடர்ந்த சியரா நோர்தே மலை. ஸ்வெட்டரும் பைனாகுலருமாக நிற்கும் பயணிகளிடம், 'சத்தம் வேண்டாம்' என்று சைகை காட்டுகிறார் உள்ளூர் கைடு.

எல்லோரும் காத்திருப்பது, 'குள்ள ஜே' பறவைக்காக. காக்கைக் குடும்பம்தான், ஆனால், மைனாவைவிடச் சிறியது, நீல நிறம். உலகிலேயே மெக்ஸிகோவின் சில மலைக்காடுகளில் மட்டும்தான் இது வாழ்கிறது. பெரும்பாலும் வேறு பறவைகளின் கூட்டத்தோடு கலந்துதான் இரை தேடும். அதனால், பெரிய ஜே பறவையின் கரகரப்பான குரல் கேட்டாலே கைடு உஷாராகிவிடுவார்!

இந்தக் காடு தப்பித்ததே பெரிய கதை. 1956 முதல் 25 ஆண்டுகளுக்கு, இந்த மலைத்தொடரில் மரம் வெட்டும் உரிமை ஒரு காகித ஆலையிடம் இருந்தது. அதை நீட்டிக்க அரசு முயன்றபோது, மலைக் கிராமங்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்து, காட்டை மீட்டன. இன்று இங்கே எட்டு கிராமங்கள் நிலத்தைப் பொதுவில் வைத்து, பயணிகளுக்குத் தங்குமிடமும் கைடும் தருகின்றன. 'தெகியோ' என்பது இவர்களின் வழக்கம். சம்பளம் இல்லாமல் ஊருக்காக உழைப்பது. பாதை சீரமைப்பு போன்ற பொதுவேலைகள் இப்படித்தான் நடக்கின்றன.

மதியம், மலையடிவாரத்தில் உள்ள டெயோடிட்லான் டெல் வாயே. சபோடெக் பழங்குடி நெசவாளர்களின் ஊர். கம்பளிக்குச் சிவப்புச் சாயம் தருவது, சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சி. காய்ந்த பூச்சியைப் பொடித்து, எலுமிச்சைச் சாறு விட்டால் ஆரஞ்சு கலந்த சிவப்பு. சுண்ணாம்பு சேர்த்தால் ஊதா. உள்ளங்கையிலேயே செய்து காட்டுகிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளையும் அப்போது பார்க்கலாம். மலையில் குளிர் அதிகம். கம்பளி உடை அவசியம். கைடை அந்தந்த கிராமத்திலேயே அமர்த்திக்கொள்ளுங்கள். மரத்தை வெட்டாமலே பிழைக்கலாம் என்ற நம்பிக்கையை அந்தப் பணம்தான் ஊருக்குத் தருகிறது.

குள்ள ஜே சில நாள் கண்ணில் படாமலும் போகலாம். காடு இருக்கும்வரை, நாளை காலை மறுபடி காத்திருக்கலாம்!